கேட்டைக்கு மூத்தவர்

தென்னை மரத்தைக் கண்டு பயப்படுகிற ஒருவர் திருவனந்தபுரத்தில் எப்படிக் காலம் தள்ள முடியும்? எங்கள் அத்தான் தள்ளினார். ஸ்ரீவராகத்து வீட்டிலிருந்து சாலை என்கிற கடைத்தெருவில் இருந்த கடைக்கு நடந்தே போவார். வழியில் எந்த மதிலுக்குப் பின்னால் எத்தனை தென்னை நிற்கிறது, அதில் எது காய்த்திருக்கிறது, எதில் தேங்காய் வெட்டிப் பல நாளாகிறது என்பதெல்லாம் அவருக்கு மனப்பாடம். மரம் வந்தால் ரோட்டின் நடுவுக்குப் போவார். ஆட்டோ வந்தால் ஓரத்துக்கு வருவார். இப்படி வளைந்து வளைந்து கடை போய்ச் சேர முக்கால் மணி நேரம் ஆகும். மற்றவர்களுக்கு அது இருபது நிமிஷ நடை.

அத்தான் என்று நான் சொல்வது என் கணவருடைய அண்ணனை. வள்ளியூர்ப் பக்கத்தில் நாங்கள் அப்படித்தான் கூப்பிடுவோம். கூப்பிடுவோம் என்று சொன்னதுகூடச் சரியில்லை. கணவனின் அண்ணனும் தம்பி மனைவியும் நேருக்கு நேர் நின்று பேசிக்கொள்கிற வழக்கம் எங்கள் வீடுகளில் கிடையாது. என்னிடம் ஏதாவது கேட்க வேண்டுமென்றால் அவர் அடுக்களைக் கதவைப் பார்த்துக் கேட்பார். என் மகள் பிறந்து நடக்கத் தொடங்கிய பிறகு அவளைப் பார்த்துக் கேட்டார்.

"காஸ் அடச்சாச்சான்னு அம்மைகிட்ட கேளு மக்கா."

"அடச்சாச்சுன்னு சொல்லு" என்பேன் நான்.

ஐந்து நிமிஷம் கழித்து அவரே வந்து குனிந்து மோந்து பார்த்துவிட்டுப் போவார். சனிக்கிழமைதோறும் சோப்பு நுரையை ரப்பர் குழாயில் தடவிக் குமிழ் வருகிறதா என்று பார்ப்பார். குமிழ் வராவிட்டாலும் அவருக்கு நிம்மதி வராது.

அண்ணன் தம்பி இருவருக்கும் சேர்ந்தே கடை. கயிறு, பூட்டு, கிணற்றுக் கப்பி, ஆணி, தாழ்ப்பாள். வாங்கி விற்கிற சரக்கு எதையும் அத்தான் இழுத்துப் பார்க்காமல் எடுக்கமாட்டார். கயிறென்றால் தூணில் கட்டி, காலை ஊன்றி, முழுப் பலத்தோடு இழுப்பார். பூட்டென்றால் பத்துத் தடவை பூட்டித் திறப்பார். அது வியாபாரம், சரி. ஆனால் கடையில் ஏணி மேல் ஏறமாட்டார். மேல் தட்டில் இருக்கிற சாமானை யாராவது கேட்டால், "வேலக்காரன் வரட்டும், நாளைக்கு வாங்க" என்று அனுப்பிவிடுவார். சாலைக் கடைத்தெருவில் மூட்டை சுமக்கிறவர்கள் அவருக்குப் பேடித்தொண்டன் முதலாளி என்று பெயர் வைத்திருந்தார்கள். பயந்தாங்கொள்ளி என்பதற்கு மலையாளத்தில் அதுதான் வார்த்தை. என் கணவரே அதைச் சொல்லிச் சிரிப்பார். அத்தானும் கூடச் சேர்ந்து சிரிப்பார். கிழக்கேகோட்டையில் ரோட்டைக் கடக்கும்போது பிள்ளையைக் கையில் பிடித்த ஒரு பெண் வரும்வரை காத்திருந்து, அவள் பக்கத்திலேயே ஒட்டிக்கொண்டு கடக்கிற மனிதர் வேறென்ன செய்வார்?

சிரிக்காத ஒரே ஆள் நான். அவர் தும்மினால் கையில் இருக்கிற வேலையைப் போட்டுவிட்டு எட்டிப் பார்ப்பேன்.

அதற்குக் காரணம் இருந்தது. கேட்டை நட்சத்திரத்தில் பிறந்த பெண் வாழ வந்தால், அந்த வீட்டில் கணவனுக்கு மூத்தவன் நிலைக்கமாட்டான் என்று எங்கள் பக்கத்தில் நம்பிக்கை. நான் கேட்டை. எனக்கு வந்த மூன்று சம்பந்தம் அதனாலேயே தட்டிப்போனது. மூன்றாவது வீட்டார், தாம்பூலம் மாற்ற வேண்டிய அன்றைக்குக் காலையில் ஆளனுப்பி வேண்டாமென்றார்கள். வீட்டுக்கு மூத்த மகனாகப் பார்த்துக் கொடுத்திருக்கலாமே என்று கேட்பீர்கள். நான் மூத்த பெண். மூத்தவனுக்கு மூத்தவளைக் கட்டக்கூடாது என்று அதற்கும் ஒரு விதி வைத்திருந்தார்கள். நம் ஆட்கள் ஓட்டை ஒன்றுகூட விடாமல் வேலி கட்டுவார்கள்.

அப்பாவுக்குப் பொறுக்கவில்லை. கேட்டை தொடங்கி ஒரு மணி நேரத்துக்குள் பிறந்தவள் நான். ஒரு ஜோசியரைப் பிடித்து, என்னை இரண்டு மணி நேரம் முன்னதாகப் பிறக்க வைத்துவிட்டார். நான் அனுஷமானேன். அதற்குப் பிறகு எங்கள் வீட்டில் கேட்டை என்ற வார்த்தையை யாரும் வாயில் எடுக்கவில்லை.

அந்தப் புது ஜாதகத்தை வைத்துத்தான் திருவனந்தபுரத்துக்காரர்கள் வந்தார்கள். அத்தான் பெண்ணைப் பார்த்ததைவிட எங்கள் கிணற்றைப் பார்த்ததுதான் அதிகம். "கயிறு இத்துப்போச்சு, மாத்தணும்" என்றார். அடுத்த வாரம் தானே ஒரு புதுக் கயிற்றோடு பஸ் ஏறி வந்து கப்பியில் மாட்டிவிட்டுப் போனார். அப்பா கண் கலங்கினார். நான் அடுக்களையில் நின்று, இந்த நல்ல மனிதரைக் கொல்லவா போகிறோம் என்று நினைத்தேன். ஆனால் வேண்டாமென்று சொல்ல வாய் வரவில்லை. இருபத்துநாலு வயதில் எனக்கும் ஒரு வீடு வேண்டியிருந்தது.

கல்யாணமாகி வந்த பிறகு என் வேலை அவரைக் காவல் காப்பதுதான். குளிமுறிப் படியில் பாசி பிடிக்காமல் தினமும் தேய்த்தேன். அவர் கடைக்குப் போனால் திரும்பும்வரை வாசலுக்கும் அடுக்களைக்கும் நடந்தேன். அவருக்குக் காய்ச்சல் வந்தால் பழவங்காடிப் பிள்ளையாருக்குத் தேங்காய் நேர்ந்துகொண்டேன். எத்தனை உடைத்திருப்பேன் என்று கணக்கே இல்லை. இங்கே கோயிலில் அர்ச்சனைச் சீட்டு எழுதுகிறவர் "பேரு? நாளு?" என்று கேட்பார். நாள் என்றால் நட்சத்திரம். அத்தானுடையதைச் சரியாகச் சொல்வேன். எனக்கென்று கேட்டால் அனுஷம் என்பேன். சொல்லிவிட்டு, நான் கும்பிட்டதெல்லாம் அனுஷத்தில் பிறந்த யாரோ ஒருத்திக்குப் போய்ச் சேருமே என்று கவலைப்படுவேன். பொய்யும் சொல்லிவிட்டுப் பலனும் எதிர்பார்த்தால் அப்படித்தான்.

இடவப்பாதி என்று இங்கே சொல்கிற வைகாசி மழைக்காலத்தில் ஒரு நாள், காற்றும் மழையுமாக இருந்த காலையில் குடையை மறந்துவிட்டு அத்தான் படியிறங்கினார். அவர் குடையை மறப்பது சூரியன் உதிக்க மறப்பதுபோல. நான் பதறிப்போய் என்னை மறந்து, "அத்தான், குடை!" என்று கத்திவிட்டேன். அதுவரை அவரை நான் அப்படிக் கூப்பிட்டதில்லை. அவர் நின்று திரும்பினார். அவருக்கு ஓரடி முன்னால், அடுத்த அடி வைத்திருக்க வேண்டிய இடத்தில், பக்கத்து வீட்டுத் தென்னையிலிருந்து ஒரு முற்றிய காய் விழுந்து உருண்டது.

நான் அப்படியே வாசலில் உட்கார்ந்துவிட்டேன். கூப்பிட்டுக் காப்பாற்றினேனா, என் நட்சத்திரம்தான் அந்தக் காயைத் தள்ளியதா என்று எனக்கே தெரியவில்லை. அத்தான் அன்று கடைக்குப் போகிற வழியெல்லாம் நின்று நின்று அதைச் சொல்லியிருக்கிறார். பால்காரன், பூக்காரி, எதிர்வீட்டு மாமி, ஒருவர் விடாமல். "தம்பி பொண்டாட்டி கூப்பிட்டா. அதனால நான் இருக்கேன். அவ மட்டும் கூப்பிடல்லன்னா இன்னைக்குக் கத வேற." தெரு முழுக்க அது பேச்சாகிவிட்டது. இப்படி ஊரைக் கூட்டுகிறாரே, யாராவது ஜாதகத்தைத் தோண்டிவிடப் போகிறார்களே என்று எனக்கு அதுவும் ஒரு பயமாகப் போயிற்று.

என் மகளுக்கு நாலைந்து வயதிருக்கும்போது சாயங்காலம் தினமும் அரைமணி நேரம் கரண்ட் கட். கரண்ட் போனதும் எல்லோரும் மொட்டைமாடிக்கு ஏறுவோம். அத்தான் முன்னால் டார்ச்சோடு ஏறி, கைப்பிடிச் சுவருக்கு மூன்றடி தள்ளிப் பாய் விரித்து, எங்களை எண்ணி உட்கார வைப்பார். ஆடி மாதம், மழை விட்டுத் துடைத்துவிட்டது போன்ற வானம். அவர் மகளிடம் தெற்கே கையைக் காட்டினார்.

"மக்கா, அங்க பாரு. பாதி ஒசரத்துல செவப்பா ஒண்ணு நிக்குல்லா."

"செவ்வாயாண்ணே?" என்றார் என் கணவர்.

"செவ்வா இல்லடே. செவ்வா மாசத்துக்கு மாசம் எடம் மாறும். இது தன் கூட்டத்த விட்டு நகராது. இதுதான் கேட்டை. விழிஞ்ஞத்துல இருந்து கயிறு வாங்க வாற மீன்காரங்க காட்டித் தந்தாவ."

என் மடியில் இருந்த கடலைத் தட்டு சரிந்து கொட்டியது. இருட்டில் யாரும் என் முகத்தைப் பார்க்கவில்லை. நான் அதைப் பார்த்தேன். என்னுடைய நட்சத்திரத்தை நான் அதுவரை பார்த்ததே இல்லை. ஜாதகக் கட்டத்துக்குள் கிடக்கிற ஒரு எழுத்து என்றுதான் நினைத்திருந்தேன். அடுப்பில் ஊதிவிட்ட கங்குபோல, நிஜமாகவே சிவப்பாக, எங்கள் மாடிக்கு நேரே நின்றுகொண்டிருந்தது.

"என்ன அழகா இருக்கு பாத்தியா மக்கா? எல்லாரும் அதப் பத்தி ஒண்ணு கெடக்க ஒண்ணு சொல்லுதாவ. அது பாட்டுக்கு நிக்குது, பாவம்" என்றார் அத்தான்.

இவருக்குத் தெரியுமா, தெரியாதா? மாடியிலிருந்து இறங்கும்போது அவர் முகத்தை டார்ச் வெளிச்சத்தில் பார்க்க முயன்றேன். அவர் படியைப் பார்த்து இறங்கிக்கொண்டிருந்தார், வழக்கம்போல ஒவ்வொரு படியிலும் இரண்டு காலையும் வைத்து.

பிறகு மகள் வளர்ந்தாள். பத்து வயதில் பள்ளிக்கூடத்திலிருந்து கோளரங்கத்துக்குக் கூட்டிப்போனார்கள். அன்று சாயங்காலம் பெரியப்பாவை மாடிக்கு இழுத்துக்கொண்டு போனாள். துணி எடுக்கிற சாக்கில் நானும் ஏறினேன்.

"பெரியப்பா, அது ரெட் ஜயன்ட். டீச்சர் பறஞ்சாங்க. நம்ம சூரியனக் காட்டியும் எத்தறயோ பெருசு. ஆனா வயசாயி. எப்ப வேணா பொட்டும், வெடிச்சிரும்."

அத்தான் ஒரு எட்டு பின்னால் வைத்தார். "பொட்டுனா இங்க வரைக்கும் வருமா?"

"ஐயோ, இல்ல பெரியப்பா. ரொம்ப தூரம். அதோட வெளிச்சம் இங்க வாறதுக்கே ஐந்நூறு வருஷத்துக்கு மேல ஆகும்."

"அப்போ இப்ப நாம காணுறது?"

"அது பழய வெளிச்சம். இப்போ அது அங்க உண்டோ இல்லியோ, ஆர்க்கறியாம்?"

அத்தான் பின்னால் வைத்த எட்டை முன்னால் வைத்தார். பிறகு, "இருக்கோ இல்லியோன்னே தெரியாத ஒண்ணுக்கா இத்தன வருஷமாப் பயந்தோம்" என்றார். அவர் எதற்குத்தான் பயப்படவில்லை, இதற்கும் பயந்திருப்பார் என்று நான் நினைத்துக்கொண்டேன். எனக்கு என் கவலை. அது வெடித்தே போயிருந்தால் என் தோஷமும் போயிருக்குமா, அல்லது தோஷமும் வெளிச்சம்போல ஐந்நூறு வருஷம் தாமதமாகத்தான் வந்துகொண்டிருக்கிறதா?

அதற்கு அடுத்த வருஷம் அத்தானுக்கு மாடி ஏறினால் மூச்சு வாங்கத் தொடங்கியது. பயந்தவர்களிடம் ஒரு நல்ல குணம், எதையும் மறைக்கமாட்டார்கள். மறுநாளே டாக்டரிடம் போனார். இதயத்தில் ஒரு வால்வு கெட்டிருக்கிறது, ஆபரேஷன் செய்ய வேண்டும் என்று ஆஸ்பத்திரியில் சேர்த்துக்கொண்டார்கள். அவருக்கு அப்போது ஐம்பத்தாறு.

எனக்குச் சோறு இறங்கவில்லை. பதின்மூன்று வருஷமாக வாசலில் நின்று எதிர்பார்த்துக்கொண்டிருந்தது உள்ளே வந்துவிட்டது. இரண்டாம் நாள் காலையில், வார்டுக்கு வெளியே பெஞ்சில் அக்காவும் நானும் மட்டும் உட்கார்ந்திருந்தோம். அக்கா என்பது அத்தானின் மனைவி. அவர்களுக்குக் குழந்தை கிடையாது. அவளுக்கு உள்ளது அவர் ஒருவர்தான். அவள் கையில் இருந்த காப்பி டம்ளரையே பார்த்துக்கொண்டு நான் சொல்லிவிட்டேன்.

"அக்கா, நான் அனுஷம் இல்ல. கேட்டை. எங்கப்பா மாத்தி எழுதிட்டாவ."

அவள் என்னை அறைவாள் என்று நினைத்தேன். அறைந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"தெரியும்ளா" என்றாள். "புதுக் கயிறு மாட்ட ஒங்க வீட்டுக்கு வந்தாவல்லா, அன்னைக்கு நேரா நீ பொறந்த ஆஸ்பத்திரிக்குப் போயி புத்தகத்துல நேரத்தப் பாத்துட்டுத்தான் வந்தாவ. எந்தச் சரக்க அவுக இழுத்துப் பாக்காம எடுத்திருக்காவ?"

"அப்போ ஏன் வேண்டாம்னு சொல்லல?"

"நான் சொன்னேன். ஒங்கிட்ட ஒளிப்பானேன்? எனக்கு என் தாலி பெருசு. ரெண்டு நாளு சோறு பொங்கல்ல. அவுக கேக்கல்ல. 'மூணு வீட்டுக்காரன் பயந்து ஓடிட்டான். நாலாவது நாமளும் ஓடுனா அந்தப் புள்ள எங்க போகும்?'ன்னாவ. 'சரி, ஒங்களுக்கு ஒண்ணு ஆச்சுன்னா?'ன்னு கேட்டேன். 'நான் ஜாக்கிரதையா இருந்துக்கிடுதேன்'னு சொன்னாவ."

முதல் இரண்டு வருஷம் அக்கா எனக்கு முகம் கொடுத்துப் பேசாததன் காரணம் அப்போதுதான் விளங்கியது. ஆனால் அவள் அதோடு நிறுத்தவில்லை.

"அதுக்கு முன்ன அவுக எப்படி இருந்தாவன்னு ஒனக்குத் தெரியாதுல்லா. கரமனை ஆத்துல வெள்ளம் வந்தா பாலத்துல இருந்து சாடுற ஆளு. மோட்டார் சைக்கிள்ள கைய விட்டுட்டு ஓட்டுவாவ. தென்னையில சரசரன்னு ஏறுவாவ. ஒன் கல்யாணத்துக்கு மறுமாசம் வண்டிய வித்தாச்சு. பீடிய விட்டாச்சு. 'எனக்கு என்ன வந்தாலும் பழி அவ தலையிலதான் விழும், நான் தடுக்கி விழக்கூட ஆகாது'ன்னு சொல்லுவாவ. ஒன் மாப்பிள்ளை என்னமோ அண்ணனுக்கு வயசாயிட்டுது, பயம் வந்துட்டுதுன்னு நெனச்சிக்கிட்டு இருக்கான். அவன்கிட்ட சொல்லல்ல. அவன் வாயில நிக்காது."

பேடித்தொண்டன் என்று ஊரே சிரித்தது. அவரும் கூடச் சேர்ந்து சிரித்தார்.

அன்று மத்தியானம் அத்தான் என்னைக் கூப்பிட்டனுப்பினார். கட்டிலில் தலையணை வைத்துச் சாய்ந்திருந்தார். என் முகத்தை நேராகப் பார்த்துப் பேசியது அதுதான் முதல் தடவை. சீக்காளி ஒருவரின் முகத்தில் அவ்வளவு சந்தோஷத்தை நான் பார்த்ததில்லை.

"இங்க வா. டாக்டர்கிட்ட கேட்டேன், இது எப்ப வந்த கோளாறுன்னு. சின்ன வயசுல மூட்டெல்லாம் வீங்கிக் காய்ச்சல் வந்துதான்னு கேட்டாரு. வந்துது. எனக்குப் பன்னெண்டு வயசு. ரெண்டு மாசம் கெடந்தேன். அன்னைக்குக் கெட்டுப்போன வால்வாம். நீ எந்த வருஷம் பொறந்த?"

"அறுபத்தேழு."

விரலை மடக்கினார். "எனக்கு அறுபதுல வந்துது. நீ பொறக்கதுக்கு ஏழு வருஷம் முன்ன. மனசுலாச்சா? நீ பொறக்கவே இல்ல." தலையணைக்கு அடியிலிருந்து ஒரு காகிதத்தை எடுத்தார். "வாயால சொன்னா நம்ம ஆளுக நம்பமாட்டாவ. அதனால எழுதித் தரச் சொன்னேன். டாக்டர் கையெழுத்து இருக்கு. சீலும் வைக்கச் சொல்லி வாங்கிட்டேன். பத்திரமா வச்சுக்க. யாராவது கேட்டா இதக் காட்டு."

நட்சத்திரத்தைப் பற்றி அவரும் பேசவில்லை, நானும் பேசவில்லை. அந்தக் காகிதத்தை வாங்கிக்கொண்டு, "ஒங்களுக்கு ஒண்ணும் ஆகாது அத்தான்" என்றேன்.

"ஆகலாம். ஆனா இனிமே ஆனாலும் குத்தமில்ல" என்றார்.

ஆபரேஷனுக்குக் குறித்திருந்த நாளுக்கு இரண்டு நாள் முன்பு, காலையில் காப்பி குடித்துக்கொண்டிருந்தபோது அவர் தலை சாய்ந்துவிட்டது.

பதினாறாம் நாள் விசேஷத்துக்குச் சொந்தக்காரர்கள் எல்லோரும் வந்திருந்தார்கள். சாப்பாடு முடிந்து கூடத்தில் உட்கார்ந்திருந்தார்கள். நான் காப்பித் தட்டோடு வந்தேன். அந்தக் காகிதம் நாலாக மடித்து என் இடுப்பில் இருந்தது. சாவு விழுந்த நாளிலிருந்து அதை நான் கீழே வைக்கவில்லை. நாகர்கோவிலிலிருந்து வந்திருந்த பெரியம்மை, என் மாமியாரின் அக்கா, வெற்றிலையை ஒரு பக்கமாக ஒதுக்கிக்கொண்டு கேட்டாள்.

"அம்பத்தாறு ஒரு வயசா? கல்லுமாதிரி இருந்த பய. எனக்கு ரொம்ப நாளா ஒரு சந்தேகம். இந்தச் சின்னவ என்ன நட்சத்திரம்? அன்னைக்குச் சாதகம் யாரு பாத்தது?"

என் கை இடுப்புக்குப் போனது. நான் வாயைத் திறப்பதற்குள், மூலையில் பாயில் உட்கார்ந்திருந்த அக்கா நிமிர்ந்தாள்.

"கேட்டை" என்றாள்.

என் கணவர் திரும்பி என்னைப் பார்த்தார். பெரியம்மை கன்னத்தில் கை வைத்துக்கொண்டாள்.

"கேட்டைதான் பெரியம்ம. அவுகளுக்குத் தெரியும். எனக்கும் தெரியும். தெரிஞ்சேதான் கூட்டிட்டு வந்தோம். பதிமூணு வருஷம் இவ கையால தின்னாவ. பன்னெண்டு வயசுல வந்த தீனம் கொண்டுபோயிட்டு. புருசனப் பறிகுடுத்தவ நான். நானே இவள ஒண்ணும் கேக்கல்ல. இனி இவ நட்சத்திரம் என்னன்னு கேக்குறவங்க யாரும் இந்த வீட்டுக்கு வரண்டாம்."

நான் காப்பித் தட்டைத் தரையில் வைத்தேன். அக்காவிடம் போய் அவள் மடியில் விழுந்து, "அத்தான், அத்தான்" என்று சத்தம் போட்டு அழுதேன். அவர் செத்துப் பதினாறு நாள் ஆகியிருந்தது. அதுவரை எனக்கு ஒரு சொட்டுக் கண்ணீர் வரவில்லை. அதுவரை நான் பயந்துகொண்டுதான் இருந்தேன்.